நோயில் இருக்கும் தோழிக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்?

கேள்வி: "என் நெருங்கிய தோழிக்கு நீண்டகாலச் சிகிச்சை நடக்கிறது. எங்கள் இருவருக்கும் புத்தகம் என்றால் உயிர். அவருக்குத் தெம்பு வருகிற மாதிரி என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?"

எதை வாங்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தன்னம்பிக்கைப் புத்தகம் வேண்டாம். நோயை வென்றவர்களின் வரலாறு வேண்டாம். அவருடைய நோயைப் பற்றியும் அதற்கான பத்தியத்தைப் பற்றியும் இருக்கிற புத்தகம் வேண்டவே வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளோடு சேர்த்து அதையெல்லாம் ஏற்கெனவே கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள்.

என் தோழிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் செய்த வேலை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறாள். அவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். கிரியாட்டினின் எவ்வளவு? தண்ணி எவ்வளவு குடிக்கிற? டோனர் ஏதாவது தகவல் வந்ததா? அன்போடுதான் கேட்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் "இப்ப என்ன படிச்சிட்டிருக்க?" என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவளிடம் அதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள்.

தைரியம் அவளிடம் என்னைவிட நிறையவே இருக்கிறது. பழையபடி வாயாடுவதற்குத்தான் ஆள் இல்லாமல் போனது. அதனால் புத்தகம் கொடுப்பதைவிட, அதே புத்தகத்தை நீங்களும் கூடவே படிப்பதுதான் முக்கியம் என்பேன். கொடுத்துவிட்டு வந்துவிட்டால் அது இன்னொரு ஆப்பிள் பைதான்.

நாங்கள் இருவரும் கோவில்பட்டிக்காரிகள். கிளை நூலகத்தில் ஒருத்தி எடுத்த புத்தகத்தை மற்றவள் படித்து முடித்த பிறகுதான் திருப்பிக் கொடுப்போம். பிடித்த புத்தகத்துக்காகச் சண்டை போட்டு வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். இப்போது அவளுக்குத் திருநெல்வேலியில் டயாலிசிஸ். முடிந்தபோதெல்லாம் நானும் பஸ் ஏறிவிடுவேன், முடியாத நாளில் போன்.

அந்த நாலு மணி நேரத்தில் எப்படிப் படிக்கிறாள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் புத்தகம் வாங்கினால் வீண். டயாலிசிஸுக்காக அவளுடைய இடது முன்கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். பிஸ்டுலா என்பார்கள். மேலே உள்ளங்கையை வைத்தால் மடியில் படுத்த பூனை போல விடாமல் உறுமிக்கொண்டிருக்கும். அந்தக் கையில் வளையல் கூடாது, வாட்ச் கூடாது, பிபி பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. ரத்தம் வெளியே போக ஒரு ஊசி, திரும்பி வர ஒரு ஊசி. கையை மடக்கினால் மெஷின் கத்தும். ஆக, நாலு மணி நேரமும் படிப்பதற்கு இருப்பது ஒரே கைதான். அந்த ஒற்றைக் கையால் அறுநூறு பக்கப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, விரித்து, பக்கமும் புரட்டிப் பாருங்கள், தெரியும்.

போனில் படிக்கலாமே என்று தோன்றும். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டன, மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கையால் தள்ளித் தள்ளிப் படிக்க வசதியும்கூட. ஆனால் அவளுக்குப் போன் ஒத்துவரவில்லை. கதையில் பத்து நிமிடம் இருப்பாள், பிறகு விரல் தானாக அன்றைய ரத்தப் பரிசோதனையில் வந்த எண்ணைத் தேடப் போய்விடும். தேடினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் கல்கியின் பொன்னியின் செல்வனைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் பைண்டிங் கடை அண்ணாச்சியிடம் போனேன். "நல்ல புத்தகத்தைப் போய் பிய்க்கச் சொல்லுதீங்களே" என்று அவருக்கு மனசே இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் முதுகைக் கீறி, தையலைப் பிரித்து, பாரம் பாரமாகப் பிரித்து வைத்தார். ஒரு பாரம் பதினாறு பக்கம். ஐந்து பாரத்தைச் சேர்த்து ஒரு குட்டிப் புத்தகமாகத் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி, நன்றாக மடங்கி நிற்கிற மாதிரி செய்து கொடுத்தார். ஒவ்வொன்றும் பள்ளிக்கூட நோட்டைவிட மெலிசு. அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்து பைண்ட் பண்ணி வைத்திருப்பார்கள் இல்லையா? அதே வேலையைத் தலைகீழாகச் செய்ததுதான். இந்த யோசனையை யார் கேட்டாலும் சொல்கிறேன். நூல் தைத்த புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பசை போட்டு ஒட்டியதைப் பிரித்தால் தாள் தாளாக வந்துவிடும்.

நாங்கள் முதலில் எடுத்தது பொன்னியின் செல்வன். பள்ளிக்கூடத்தில் படித்தது, முக்கால்வாசி மறந்துபோயிருந்தது. 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஆளை இழுக்கிற மாதிரிதான் முடியும். டயாலிசிஸில் இருக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் புரிந்தது. செவ்வாய், வியாழன், சனி என்றாலே அவளுக்கு ஊசிதான் ஞாபகம் வரும். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுக் கூட்டத்தை வந்தியத்தேவன் ஒளிந்து நின்று கேட்கிற இடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நிறுத்தினோம். வியாழக்கிழமை காலையில் அவளே போன் பண்ணினாள். "ஏட்டி, நீ மேல வாசிச்சிரலையே? சத்தியமா?" மெஷினில் உட்காரும் வரைக்கும் அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் விடாமல் வைத்திருந்தோம்: ஒருத்தி நிறுத்திய இடத்துக்கு மேல் மற்றவள் போகக் கூடாது.

இன்னொன்று, நீங்களாக எதையும் தணிக்கை செய்யாதீர்கள். அவளுக்குத் தண்ணீர் அளவு உண்டு. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதில்தான் காப்பி, ரசம், மோர், மாத்திரை போடுகிற தண்ணீர் எல்லாம் அடக்கம். கூடிவிட்டால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், அடுத்த டயாலிசிஸில் அவ்வளவு நீரையும் இழுக்கும்போது பிபி இறங்கிவிடும். கோடையில் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படி இருக்கிறவளிடம் முதல் பாகத்துக்கே 'புது வெள்ளம்' என்று பெயர் வைத்த, ஆடிப்பெருக்கில் ஏரி ததும்புவதோடு ஆரம்பிக்கிற கதையைக் கொடுக்கலாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. அவளோ அதை முடித்த கையோடு, எழுத்தாளர்கள் தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியோடு போய் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' வேண்டும் என்று கேட்டாள். குடகிலிருந்து பூம்புகார் வரை பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர். "குடிக்கத்தானே கூடாது, பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றாள். அதை இரண்டு தடவை படித்தாள். தண்ணீர் ஓடுகிற இடம் வந்தால் தாகம் தணிகிறதா கூடுகிறதா என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள்.

அதைவிடப் பெரிய தயக்கம் 'செல்லம்மாள்' கதைக்கு வந்தது. புதுமைப்பித்தன் எழுதியது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பிரமநாயகம் பிள்ளை, சென்னையில் நோயாளி மனைவியைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். கடைசியில் அவள் இறந்துவிடுகிறாள். புதுமைப்பித்தனும் காசநோயில் 1948-ல் போனவர். அந்தக் கதையை அவளே பெயர் சொல்லிக் கேட்டாள். இப்ப எதுக்குட்டி அது என்றேன். "சாப்பாட்டுலதான் பத்தியம், படிக்கிறதுலயுமா?" என்று கோபப்பட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, நோய் வந்த நாளிலிருந்து என்னிடம் பேசாத ஒரு விஷயத்தைப் பேசினாள். தன்னைப் பற்றி இல்லை, தன் கணவரைப் பற்றி. "நாலு மணி நேரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிற மனுஷன் என்ன நெனச்சிட்டிருப்பாருன்னு நான் யோசிச்சதே இல்லட்டி." அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவரிடமே கேட்டிருக்கிறாள். என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. "ஆறுதல் புத்தகம்" என்று அட்டையில் போட்ட எதுவும் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்திருக்காது.

எங்கள் ஊர்ப் பெருமையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், அதற்கும் இங்கே வேலை இருக்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இடைசெவலில் 1923-ல் பிறந்த எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். ஒரே ஊர், ஒரே வயது, சிறு பிள்ளையிலிருந்தே கூட்டாளிகள். அழகிரிசாமி பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன பிறகு கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. இரண்டு நண்பர்கள் இலக்கியத்தையும் சங்கீதத்தையும் இவ்வளவு ஆசையாகப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்றிருக்கும். நோயில் இருக்கிறவருக்குப் படித்துக் காட்ட அதைவிட நல்லது எனக்குத் தெரியாது: சின்னச் சின்னதாக இருக்கும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இளமையில் காசநோயோடு மல்லுக்கட்டியவர் கி.ரா. ஆனால் 1970-ல், ஐம்பதைக்கூடத் தொடாமல் போனது அழகிரிசாமி. கி.ரா. 2021 வரை, 97 வயது வரை நிறைவாக இருந்து எழுதினார். இதை நான் எடுத்துச் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் இருந்த உற்சாகத்தை நான் எந்த அறிவுரையாலும் வரவழைத்திருக்க முடியாது.

மூன்றாவது மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் அவளால் படிக்க முடியாது. கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், தலை கிறுகிறுக்கும், ஏசி குளிர் எலும்புக்குள் போகும். அப்போது நான் வாசிப்பேன். போக முடியாத நாளில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக முன்பே அனுப்பி வைப்பேன். ஒரு தடவை பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவர் அண்ணாச்சி, "அக்கா, கொஞ்சம் சத்தமா வாசிங்க, இந்தப் பக்கம் கேக்கல" என்றார். அன்றிலிருந்து அவரும் எங்கள் கூட்டாளி. பழுவேட்டரையர் மேல் அவருக்கு வந்த கோபத்தைப் பார்த்து என் தோழி சிரித்த சிரிப்பில் மெஷின் அலாரம் அடித்து, நர்ஸ் வந்து எங்கள் எல்லோரையும் ஏசிவிட்டுப் போனார்.

சில வாரங்கள் எதுவுமே ஓடாது. ரத்தம் குறைந்து, எழுந்து உட்காரவே தெம்பில்லாமல் இருப்பாள். அப்போது "படிச்சியா?" என்று கேட்கவே கூடாது. அவளுக்கு ஏற்கெனவே மாத்திரை, பத்தியம், எடை என்று கணக்குக் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், புத்தகமும் அந்த வரிசையில் சேரக் கூடாது. நானும் அந்தப் பக்கத்திலேயே நிறுத்திக் காத்திருப்பேன். திரும்பி வருவாள்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் தோழியின் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களில் நிறையப் பேருக்கு அதே சர்க்கரை விழித்திரையையும் பாதித்திருக்கும். கீமோ எடுக்கிறவர்களில் சிலருக்கு விரல் நுனி மரத்துப்போய்ப் பக்கம் புரட்டுவதே சிரமம், கவனமும் சட்டென்று சிதறும். அப்படி இருந்தால் சிறுகதை எடுங்கள், வாசித்துக் காட்டுங்கள், இல்லையென்றால் ஒலிப்புத்தகம். கனமான கெட்டி அட்டைப் பதிப்பு பார்க்க அழகாக இருக்கும், படுத்துக்கொண்டு படிக்கிறவர் நெஞ்சில் அது பாறாங்கல். புத்தகத்தின் முதல் பக்கத்தில் "விரைவில் குணமடைய" என்று எழுதாதீர்கள். எப்போதும் என்ன எழுதிக் கொடுப்பீர்களோ அதையே எழுதுங்கள். நான் எழுதுவது, "முடிச்சிட்டுத் திருப்பித் தரணும்" என்றுதான்.

உங்கள் தோழி கதை படிக்கிறவரா, கவிதையா, பயண நூலா என்று கேள்வியில் சொல்லவில்லையே. நீங்கள் இருவரும் கடைசியாகச் சண்டை போட்ட புத்தகம் எது என்றும் எழுதுங்கள். அங்கிருந்து தொடங்கினால் என்ன வாங்கலாம் என்று நானும் யோசித்துச் சொல்கிறேன்.