முதல் கியரில் குதிக்கும் போனவில்

கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம். உங்கள் 1967 டிரையம்ஃப் போனவில் மோட்டார் சைக்கிள் காலையில் மட்டும் முதல் கியர் போட்டதும் ‘கடக்’ என்று குதிக்கிறது என்றால், நின்ற நேரத்தில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஒட்டியிருக்கும்.

இக்னிஷன் போடாமல், கிளட்ச்சை இழுத்துப் பிடித்துக் கிக்கரை நாலைந்து தடவை மிதியுங்கள். தட்டுகள் விட்டதும் கிக்கர் சட்டென லேசாகும். அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். என்னிடமும் அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டி ஒன்று இருந்தது. இந்தச் சடங்கு முடியாமல் கிளம்பியதே இல்லை. விற்ற பிறகும் கால் அதைத் தேடியது!

எஞ்சின் சூடான பிறகும் குதித்தால் கிளட்ச்சை மூடியிருக்கும் பிரைமரி மூடியைக் கழற்றி, அதேபோல் மிதித்துப் பாருங்கள். கிளட்ச் தட்டுகளை அழுத்தும் பிரஷர் பிளேட் கோணலாகச் சுற்றினால் அதன் மூன்று ஸ்பிரிங் நட்டுகளையும் சமன்செய்ய வேண்டும். ரொம்பத் தளர்த்திவிடாதீர்கள், மேட்டில் கிளட்ச் வழுக்கும்.