பள்ளத்தில் மட்டும் 'டொக்'!

கேள்வி: என் காரில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முன்னால் 'டொக்' என்கிறது. வேகத்தடையில் சத்தமில்லை. ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: அவசரப்படாதீர்கள். வேகத்தடையில் இரு சக்கரமும் சேர்ந்து ஏறுவதால், இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பார் முறுக்காது. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் முறுக்கும். ஆகவே முதல் சந்தேகம், பாரின் முனையை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பியான லிங்க் ராடு மேல்தான். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போடுங்கள். ராடின் முனையிலுள்ள பால் ஜாயின்ட்டை (உருண்டை மூட்டு) நீங்கள் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காரைப் பக்கவாட்டில் ஆட்டட்டும். தேய்ந்திருந்தால் விரலிலேயே தட்டும். பெரும்பாலும் ரப்பர் உறையும் கிழிந்து கிரீஸ் வழிந்திருக்கும்.

உங்கள் ஊர் உப்புக்காற்றில் ராடின் நட்டு துருவேறி இறுகியிருக்கும். முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவையுங்கள். போல்ட்டின் நடுவை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) பிடிக்காவிட்டால் நட்டோடு அதுவும் சுற்றும். ராடை மாற்றியும் சத்தம் நிற்கவில்லையா? பாரைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள்.