பிஎச்டிஎல்எஸ் செய்முறை: 10 நிமிடம் எங்கே போகிறது?
பிஎச்டிஎல்எஸ், அதாவது காயமடைந்தவரை மருத்துவமனை சேரும் முன் காப்பாற்றும் பயிற்சியின் எழுத்துத் தேர்வில் தேறியும், செய்முறையில் இரண்டு முறை 10 நிமிடத்தைத் தாண்டிவிட்டது என்கிறீர்கள். நீங்கள் எழுதிய வரிசையிலேயே கோளாறு தெரிகிறது. தொடையில் ரத்தம் பீறிடும்போது மூச்சுப்பாதைக்குப் போயிருக்கிறீர்கள். முதலில் டூர்னிகே (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும்) பட்டை: காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே, மூட்டின் மீது வேண்டாம். ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். பிறகுதான் மூச்சுப்பாதை, சுவாசம்.

முதல் சுற்றுப் பரிசோதனையில் பிபி கருவியைத் தொடாதீர்கள். மணிக்கட்டு நாடி, தோலின் குளிர்ச்சி, வியர்வை போதும். ஐவி (ரத்தக்குழாயில் திரவம் ஏற்றும் ஊசி) போடுவது வண்டி கிளம்பிய பிறகு. பெரும்பாலோர் நேரத்தைத் தொலைப்பது இதில்தான். செய்வதை வாய்விட்டுச் சொல்லுங்கள், தேர்வாளருக்கு உங்கள் மனசு தெரியாது.

இன்னொன்று: அடங்காத ரத்தப்போக்குக்கு சிஸ்டாலிக் (பிபியின் மேல் எண்) 80–90 போதும் என்று மனப்பாடம் செய்தவர்கள் தலைக்காயத்திலும் அதையே சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே 110-க்குக் கீழே விடக்கூடாது.