கழுத்தில் சென்ட்ரல் லைன் போடும்போது தலையை ஏன் அதிகம் திருப்புவதில்லை?
சென்ட்ரல் லைன் என்பது இதயத்தருகே உள்ள பெரிய சிரை வரை போகும் மெல்லிய குழாய். கழுத்தில் போட்டால், ஊசி இறங்க வேண்டியது ஜுகுலர் சிரையில். அதை ஒட்டியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும் ஓடுகிறது, சிக்கலே அங்குதான்.

தலை நேராக இருந்தால் பெரும்பாலானோருக்குச் சிரை தமனிக்கு வெளிப்பக்கமாக இருக்கும். எதிர்ப்பக்கம் திருப்பத் திருப்ப, அது தமனியின் மேல் ஏறிவிடும். ஈரத் துண்டை முறுக்கினால் அடுத்தடுத்து இருந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று வருமே, அப்படித்தான். அப்போது சிரையைத் தாண்டும் ஊசி தமனியைக் குத்திவிடலாம். 30 டிகிரி திருப்பினாலே பொதுவாகப் போதும்.

தலைமாட்டைத் தாழ்த்துவது வேறு விஷயம்: அதில் சிரை புடைத்துப் பெரிதாகும்.

நன்றாகத் திருப்பினால் இடம் கிடைக்கும் என்பது பாதி உண்மை. வெளியே இடம் கிடைக்கும். உள்ளே இடைவெளி போய்விடும்.