பார்க்கின்சன் நோய் வராமல் தடுக்கச் சத்து மாத்திரைகள் உதவுமா?

உங்கள் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாகவும், வைட்டமின் ஈ, கோஎன்சைம் கியூ10 போன்றவை எலிகளின் மூளையைக் காத்ததாகப் படித்ததால் அவற்றை அவருக்கும் கொடுத்து நீங்களும் இப்போதே எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல; கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தவன். என் அண்ணனுக்கும் இந்த நோய் இருப்பதால் இதுபற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அந்த மாத்திரைகளுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பதே என் பதில். அதற்கான காரணம் அந்த எலி ஆய்வுகள் நடத்தப்படும் விதத்திலேயே இருக்கிறது.

1982-ல் கலிஃபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட செயற்கை ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர், பல்லாண்டு பார்க்கின்சன் நோயில் கிடந்த முதியவர்களைப் போல உடல் விறைத்து அசைவற்றுப் போனார்கள். அந்தப் போதைப்பொருளில் கலந்திருந்த எம்பிடிபி என்ற வேதிப்பொருள்தான் காரணம் என்று நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் அவருடைய குழுவினரும் 1983-ல் அறிவித்தார்கள். மூளைக்குள் ஒரு நொதி இதை வேறொரு நச்சாக மாற்றுகிறது. உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள்தான் பார்க்கின்சன் நோயில் அழிகின்றன. டோபமினை உள்ளே எடுத்துக்கொள்ளும் அதே வழியாக அந்த நச்சும் இந்த டோபமின் செல்களுக்குள் புகுந்து, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியின் முதல் படியை அடைத்துவிடுகிறது.

இந்த நச்சு கையில் கிடைத்ததும், சுண்டெலிகளில் நோயின் சாயலை வேண்டும்போது உருவாக்க முடிந்தது. கனடாவில் ஓர் ஆய்வுக்குழு சுண்டெலிகளுக்குப் பல மாதங்கள் ஒமேகா-3 நிறைந்த தீனி கொடுத்து, அதன் பிறகு எம்பிடிபியை ஏற்றியபோது டோபமின் செல்கள் பெருமளவு பிழைத்தன என்று 2008-ல் வெளியிட்டது. நேர்மையான, நல்ல ஆய்வுதான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சத்து, பிறகு நச்சு, அதுவும் ஒரு சில நாட்களில் முடிந்துவிடும் தாக்குதல். மனிதரிலோ மூக்கு வாசனையை இழப்பதும் மலச்சிக்கலும் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகின்றன. நடுக்கம் கண்ணுக்குத் தெரியும் நாளில் அந்தச் செல்களில் பெரும் பங்கு ஏற்கெனவே அழிந்திருக்கும்.

மனிதர்களிடம் சோதிக்காமலும் விடவில்லை. ஆரம்ப நிலை நோயாளிகள் 800 பேரிடம் நாளொன்றுக்கு 2,000 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1993-ல் வந்தது, பயன் இல்லை. கோஎன்சைம் கியூ10 முதலில் 80 பேர் கொண்ட சிறிய ஆய்வில் நம்பிக்கை தந்தது. 600 பேரிடம் சோதித்தபோது அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. கிரியாட்டினை 1,741 பேருக்கு நாளுக்கு 10 கிராம் வீதம் ஆண்டுக்கணக்கில் கொடுத்தும் நோயின் வேகம் குறையவில்லை. இத்தனைக்குப் பிறகும் மருந்துக்கடை அலமாரியில் ‘மூளைக்கு உகந்தது’ என்று எழுதிய புட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அன்றாட உணவின் கதை சற்று வேறு. ஹோனலூலுவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,004 பேரை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், காபியே குடிக்காதவர்களுக்கு இந்த நோய் வந்த விகிதம், மிக அதிகமாகக் குடித்தவர்களைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. ஆனால் அதே ஆண்களில் நாளுக்கு அரை லிட்டருக்குமேல் பால் குடித்தவர்களிடம் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே நம் ஃபில்டர் காபியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். நோய் வெளிப்படும் முன்பே அது ஒருவரின் நாவின் நாட்டத்தை மாற்றி, அதனாலேயே அவர் காபியைத் தவிர்த்திருக்கவும் கூடும் என்பதால், இத்தகைய தொடர்புகளைக் காரணம் என்று உடனே முடிவு கட்ட முடியாது.

காக்கும் உணவைவிடக் கெடுக்கக்கூடிய உணவைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நம் ஊரில் முள் சீத்தாப் பழத்தையும் அதன் இலைப் பொடியையும் விற்கிறார்கள். கரீபியன் தீவான குவாதலூப்பில், வழக்கமான மருந்துக்குச் சரியாக இணங்காத பார்க்கின்சன் போன்ற ஒரு நோய் வழக்கத்துக்கு மாறாகப் பலருக்கு இருப்பதைக் கவனித்த மருத்துவர்கள், இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் உட்கொள்வதோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று 1999-ல் எழுதினார்கள். அதிலுள்ள அன்னோனாசின் என்ற பொருள், எம்பிடிபியிலிருந்து உருவாகும் நச்சு அடைக்கும் அதே படியைத்தான் அடைக்கிறது. மனிதரில் இது தீர்மானமாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அந்தக் கஷாயத்தைத் தினமும் குடிக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பூனைக்காலி விதை வேறு வகை. மூளைக்குள் சென்று டோபமினாக மாறும் லெவோடோபா, அதாவது இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையில் உள்ள மருந்து, அதில் இருப்பதை 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆனால் அது அறிகுறியைத் தணிக்கும் மருந்து, செல்லைக் காக்கும் சத்து அல்ல. அப்பா மாத்திரை சாப்பிடும்போது அந்தப் பொடியையும் சேர்த்தால் மருந்தின் அளவு கூடிப்போகும்.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் உணவு கண்கூடாக உதவும் இடம் மாத்திரை நேரம். அண்ணன் மதியம் பருப்பும் முட்டையும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டுக்கொள்வார். மூன்று மணிவாக்கில் சமையலறை நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டியதுபோல நின்றுவிடுவார். புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளையின் வாசலிலும் தங்களை உள்ளே சுமந்து செல்லும் ஒரே கடத்திப் புரதத்துக்காகப் போட்டியிடுகின்றன என்பதுதான் காரணம். நரம்பியல் மருத்துவர் சொன்னபடி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக நகர்த்தி, பருப்பு, முட்டை, பயறு ஆகியவற்றை இரவுக்கு மாற்றியபின் மதிய முடக்கம் வெகுவாகக் குறைந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிணைத்து அது உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் இரண்டையும் வேறு வேறு வேளைகளில் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டினால் சாதாரண பிஸ்கட் ஒன்றிரண்டு கொடுக்கலாம், பால் வேண்டாம்.

உங்களைப் பொறுத்தவரை, பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. கீரை, பயறு, கொட்டைகள், உண்பவராயின் மீன், இவற்றோடு வேர்க்கும் அளவுக்கு நடை. இவ்வளவுதான் நானே கடைப்பிடிப்பது.