பிள்ளையைப் பறிகொடுத்த வீடு: கேள்வி பதில்

திருப்பூர், ஒரு தாய்: நாலு வயசுப் பையன் டெங்குவில் போய் நாலு மாசம் ஆகுது. "சாமி கூப்பிட்டுக்கிச்சு", "இன்னொண்ணு பெத்துக்கோ"ங்கிறாங்க. ஏன் எனக்கு மட்டும்னுதான் மனசுல ஓடுது. இதுக்கு என்ன அர்த்தம்?

சாவுக்குள் அர்த்தம் தேடாதீர்கள் அம்மா, அங்கே கிடைக்காது. உங்கள் "ஏன்" இரண்டு கேள்வி. ஒன்று மருத்துவம் சார்ந்தது, அதற்குப் பதில் உண்டு. மருத்துவமனைக் குறிப்புகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒரு குழந்தை மருத்துவரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி உட்காருங்கள். டெங்குவில் காய்ச்சல் தணியும் சமயத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகும். "காய்ச்சல் விட்டுடுச்சேன்னு இருந்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொள்ளும் தாய்மார்கள் இதனால்தான் அதிகம். அது கவனக்குறைவு அல்ல, நோயின் ஏமாற்று. இதை மருத்துவர் வாயால் கேட்பது வேறு.

இரண்டாவது, "எனக்கு ஏன்". அதற்கு யாரிடமும் பதில் இல்லை. உறவினர் நீட்டும் பதில்களை வாங்கிக்கொள்ளும் கடமையும் உங்களுக்கு இல்லை. "அவன் பேரைச் சொல்லிப் பேசுங்க, அது போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

மதுரை, தாய்மாமன்: ஒன்றரை வயசுக் குழந்தை. புதைத்தோம், காரியம் கிடையாது என்றார்கள். அக்காவைச் சுடுகாட்டுப் பக்கமே விடவில்லை. இப்போது ஏதாவது செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். பெரியவர் போனால் பால் தெளிப்பு, பதினாறு, வருஷத் திதி என்று ஊர் வந்துபோக ஒரு ஏற்பாடு இருக்கிறது. குழந்தைக்குப் பல குடும்பங்களில் அது இல்லை. மூன்றாம் நாளோடு வீடு காலி. சின்னக் குழந்தைக்குச் சடங்கு வேண்டாம் என்பது குழந்தையின் கதியைப் பற்றிய நம்பிக்கை. பெற்றவளுக்கு எதுவும் வேண்டாம் என்று அதில் சொல்லவில்லை. (கிறிஸ்தவ வீடுகளுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இந்தக் குறையை ஓரளவு தீர்த்துவிடுகிறது.)

அக்காவை அங்கே கூட்டிப் போங்கள். பகலில், இரண்டு மூன்று பேரோடு. அதற்கு முன் நீங்கள் மட்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள். குழந்தைக் குழிக்குப் பெரும்பாலும் அடையாளம் வைப்பதில்லை. ஒரு மழைக்கு மண் அமுங்கிவிடும், பக்கத்தில் புதுக் குழி வந்திருக்கும். இடம் தெரியவில்லை என்றால் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், அவர் அங்கே நின்று தேடும்படி விடாதீர்கள்.

பிறகு வருஷத்தில் இரண்டு தேதி: பிறந்தநாள், போன நாள். பிறந்தநாளில் குழந்தைக்குப் பிடித்ததைச் சமைத்து, தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் கொடுத்தால் போதும். ஐம்பது பேருக்கு என்று இறங்கினால் அது விசேஷமாகிவிடும், சமையல்காரருக்குக் கணக்குத் தீர்ப்பதிலேயே நாள் போகும்.

கோவை, அப்பா: ஆறு வயது மகளிடம் "தம்பி ஊருக்குப் போயிருக்கான்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் எப்ப வருவான் என்கிறாள்.

இன்றே மாற்றுங்கள். "தூங்குறான்" என்றால் தூங்கப் பயப்படுவார்கள். "ஊருக்கு" என்றால் அம்மா கடைக்குப் போனாலும் அழுவார்கள். பக்கத்தில் உட்கார்த்தி, "தம்பி இறந்துட்டான். அவன் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. திரும்ப வரமாட்டான். நாங்க தெரியாம உங்கிட்ட வேற சொல்லிட்டோம்" என்று நேராகச் சொல்லுங்கள். அதோடு, அவள் கேட்காவிட்டாலும் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "நீ அவனை அடிச்சதாலயோ திட்டினதாலயோ இது நடக்கல." இந்த வயதில் பிள்ளைகள் பழியைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்வார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். அழுதுவிட்டு ஐந்தாம் நிமிடம் விளையாடப் போவாள், அது இயல்பு. படுக்கையில் சிறுநீர் போகலாம், திட்டாதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

தஞ்சாவூர், நாத்தனார்: பிறந்த ஆறாம் நாள் குழந்தை தவறிவிட்டது. அண்ணிக்குப் பால் கட்டிக்கொண்டு துடிக்கிறார். துணியால் இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள்.

வேண்டாம். பால் அடைத்து வீங்கி, சீழ் வைக்கும் அளவுக்குப் போகலாம். தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம். கையால் பீய்ச்சலாம், ஆனால் வலி தணியும் அளவுக்கு மட்டும். முழுக்க எடுத்தால் மறுபடி ஊறும். காய்ச்சலோ மார்பில் சிவந்த திட்டோ வந்தால் அன்றே மருத்துவர். பாலை நிறுத்த மாத்திரை இருக்கிறது. ரத்த அழுத்தம் கூடியவர்களுக்கு ஆகாது, மருந்துக் கடையில் நேரே வாங்கக் கூடாது.

சிலருக்கு நிறுத்த மனம் வராது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கி உண்டு. தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வற்புறுத்தாதீர்கள்.

இன்னொன்று: ஆறு நாள் குழந்தைக்கும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் வைத்திருந்தால் அதையும் பதியுங்கள்.

சேலம்: துணிமணி, பொம்மைகளை என்ன செய்வது?

தாய் சொல்லும்வரை எதையும் எடுக்காதீர்கள். போட்டுக் கழற்றிய ஒரு சட்டையைத் துவைக்காமல் ஜிப் கவரில் வையுங்கள், பாச்சை உருண்டை போட்டால் குழந்தையின் வாசனை போய்விடும். போனில் உள்ள வீடியோ, குரல் பதிவுகளை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள்.

வேலூர்: என் கணவர் அழவே இல்லை, பட்டறையே கதி என்று கிடக்கிறார்.

வேலைக்குள் ஒளிவதும் துக்கம்தான். ஒருவர் அழ, மற்றவர் வேலை பார்க்க, பிறகு மாறிக்கொள்வது பல வீடுகளில் நடக்கும். மாறவே இல்லை, குடி கூடுகிறது, "நானும் அவனோட போயிடறேன்" என்ற பேச்சு வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். 14416-க்குப் பேசுங்கள், அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கும்பகோணம்: பிள்ளை பேரில் டிரஸ்ட் ஆரம்பிக்கலாமா?

முதல் வருஷம் வேண்டாம். பதிவு, பான், வருடாந்தரத் தணிக்கை என்று வேலை இழுக்கும், துக்கத்தில் இருப்பவர் பாதியில் விட்டுவிட்டு அதற்கும் குற்ற உணர்வு சுமப்பார். உங்கள் ஊரில் 2004 ஜூலை 16 பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்தப் பெற்றோர் ஆண்டுதோறும் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள், அதற்கு டிரஸ்ட் தேவைப்படவில்லை. கையில் ஒரு லட்சம் இருந்தால் வங்கி வைப்பில் போடுங்கள். ஏழு சதவீதம் என்றால் வருஷம் 7,000 ரூபாய். ஒரு அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளையின் பிறந்தநாளில் கதைப் புத்தகமாக வாங்கிக் கொடுங்கள். தலைமை ஆசிரியரிடம் முன்பே எழுதிக் கேட்டு, முதல் பக்கத்தில் பெயர் ஒட்டலாமா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.