கட்டைவிரல் கோணலுக்கும் அடிக்கடி விழுவதற்கும் என்ன சம்பந்தம்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "அம்மாவுக்கு 70 வயது. வலது கால் கட்டைவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்து, அந்த விரல் மடங்கி மேலேறி நிற்கிறது. வலி லேசாகத்தான் இருக்கிறது என்கிறார். ஆனால் ஒரே வருடத்தில் 2 முறை விழுந்துவிட்டார். விரல்தான் காரணமா? ஆபரேஷன் செய்துவிடலாமா?"

விரலுக்குப் பங்கு இருக்கலாம். வயதானால் விழத்தான் செய்வார்கள் என்று சொல்லிவிட்டு காலைத் திரும்பியும் பார்க்காதவர்களே அதிகம். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், நல்லது.

நாம் அசையாமல் நிற்பதாக நினைத்தாலும் உடம்பு முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும். முன்னால் சாயும்போது விரல்கள் தரையை அழுத்தித்தான் நம்மை நிறுத்துகின்றன, அதில் பெரும்பங்கு கட்டைவிரலுக்கு. அது கோணிவிட்டால் அதை இழுக்கும் தசைநாண்களும் இடம் விலகி, அழுத்தும் பலம் குறைந்துவிடும். மடங்கிய விரலோ தரையில் சரியாகப் படுவதே இல்லை. போதாக்குறைக்கு வலிக்குப் பயந்து பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றி நடக்கும் பழக்கமும் வந்துவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தும் போயிருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் பதிந்திருக்க, கட்டைவிரலுக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மெதுவாக இழுங்கள். தடையே இல்லாமல் வழுக்கி வந்துவிட்டால் விரலில் பலம் குறைவு என்று அர்த்தம். அப்புறம் அவர் தினமும் போடும் செருப்பைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் எடை எங்கே விழுகிறது என்று புரிந்துவிடும்.

விழுவதைத் தடுப்பதற்காக மட்டும் ஆபரேஷன் வேண்டாம் என்பேன். வலி தாங்க முடியாமல் போனாலோ எந்தச் செருப்பும் போட முடியாமல் போனாலோ அதை யோசிக்கலாம். 2011-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பாதவலி உள்ள 305 முதியவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான பாத சிகிச்சையோடு இன்சோல் (காலணிக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் அட்டை), சரியான காலணி, பாதப் பயிற்சி, விழாமல் இருப்பதற்கான கையேடு ஆகியவற்றையும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் விழுந்த எண்ணிக்கை மற்றவர்களைவிட 36% குறைவு. உங்கள் அம்மாவுக்கு வலி குறைவு என்பதால் அதே அளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் இந்த வழியில்தான் தொடங்குவேன்.

காலணி முன்பக்கம் அகலமாக, குதி தாழ்வாக, பின்னால் பிடிப்போடு இருக்கட்டும். நின்றபடி பாதத்தைத் தாளில் வரைந்து, அதன்மேல் காலணியை வையுங்கள், கோடு வெளியே தெரிந்தால் அது குறுகல். வெறும் சாக்ஸோடு வீட்டுக்குள் நடக்க விடாதீர்கள். விரலால் துண்டைச் சுருட்டி இழுப்பது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது மாதிரிப் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லித் தரட்டும்.

2 முறை விழுந்தவருக்குக் காலை மட்டும் பார்த்தால் போதாது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, பார்வை எப்படி, தூக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா என்று டாக்டர் பார்க்க வேண்டும். விழும் முன் மயக்கம் வந்திருந்தால் தள்ளிப்போடாமல் உடனே கூட்டிப் போங்கள், அந்தப் பழைய செருப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு.